தோழர்களே, ஐம்பதைத் தாண்டாதீர்கள்!

வண்டியை ஓரங்கட்டுங்கள். ஸ்டாண்டு போடுங்கள். ஐந்தே நிமிடம் கேளுங்கள். பையில் இருக்கும் பிரியாணி ஆறினால் ஆறட்டும். ஆறிய பிரியாணியைச் சாப்பிட்டு யாரும் செத்ததில்லை.

இரவு எட்டு மணி. சென்னைக்குப் பசிக்கும் நேரம். வேளச்சேரியில், பெருங்குடியில், போரூரில், அண்ணாநகரில் நம் ஆட்கள் பறந்துகொண்டிருக்கிறார்கள். ஒரு கண் சாலையில். ஒரு கண் செல்போனில். இன்னும் மூன்று ஆர்டர் முடித்தால் இன்சென்டிவ். இன்னும் இரண்டு. இன்னும் ஒன்று.

அந்த ஒன்றில்தான் விழுகிறோம்.

2022-ல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். அதில் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள் 74,897 பேர். ஒன்றிய அரசே அச்சிட்ட கணக்கு. வகுத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு 205 பேர். ஏழு நிமிடத்துக்கு ஒருவர்.

ஏழு நிமிடம், தோழர்களே! கடையில் பார்சலை வாங்கி நாம் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவதற்குள் எங்கோ ஒரு வீட்டுக்கு அந்தச் செய்தி போகிறது. அதே 2022-ல் விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு. 64,105 விபத்துகள். இதில் டெலிவரிக்குப் போனவர் எத்தனை பேர்? அந்த அறிக்கையில் நமக்கென்று ஒரு வரி இல்லை. கார் உண்டு, லாரி உண்டு, ஆட்டோ உண்டு. முதுகில் சதுரப் பையோடு போகிறவனுக்கு இடமில்லை.

ஒன்று சொல்கிறேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்.

போன மழைக்காலத்தில் ஓர் இரவு. பழைய மகாபலிபுரம் சாலை. மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்துச் சாலையைப் பாதியாக்கியிருந்தார்கள். தண்ணீர் நின்றது. தண்ணீருக்கு அடியில் பள்ளம் எது, சாலை எது என்று அந்த வருணனுக்கே தெரியாது. எனக்கு முன்னால் போன ஒரு தம்பியின் முன்சக்கரம் இறங்கியது. வண்டி ஒரு பக்கம். ஆள் ஒரு பக்கம். பை திறந்து சாம்பார் டப்பா உடைந்து தண்ணீரில் கலந்தது. வண்டியில் மாட்டியிருந்த போன் மட்டும் அப்படியே இருந்தது. வெளிச்சத்தோடு அடித்துக்கொண்டே இருந்தது. ஆர்டர் எங்கே என்று கேட்கத்தான் யாரோ கூப்பிட்டிருப்பார்கள்.

என் கையில் நான்கு நிமிடம் இருந்தது. நான் நிற்கவில்லை.

எனக்குப் பின்னால் வந்த இருவரும் நிற்கவில்லை. சாலையோரத்தில் இட்லிக் கடை போட்டிருந்த அம்மாதான் குடையோடு ஓடிவந்தாராம். அந்தத் தம்பிக்குக் காரை எலும்பு உடைந்தது. ஆறு வாரம் வண்டி எடுக்க முடியவில்லை. ஆறு வாரமும் வருமானம் பூஜ்யம். பிறகொரு நாள் டீக்கடையில் பார்த்தேன். அவன் கோபப்படவில்லை. “உங்க வண்டி போனதப் பாத்தேன்ணே” என்றான். அவ்வளவுதான். டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனான்.

அந்த நான்கு நிமிடத்தில் எனக்குக் கிடைத்தது நாற்பது ரூபாய்கூட இல்லை, தோழர்களே.

நம்மை இப்படி ஆக்கியது யார்? நமக்குத் தெரியும். பார்ட்னர் என்று கம்பெனிக்காரர்கள் நமக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழில் சொன்னால் பங்காளி. பங்காளி என்றால் சொத்தில் பங்கு கேட்பவன். நம் பங்கு என்ன? பள்ளம் நம் பங்கு. பெட்ரோல் நம் பங்கு. டயர், பிரேக், இ.எம்.ஐ., ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் நம் பங்கு.

ரைடருக்குக் கடிகாரம் காட்டுவதில்லை, தாமதத்துக்குத் தண்டம் இல்லை என்கிறார்கள். ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒரு டெலிவரிக்கு இவ்வளவு என்று கூலி. இத்தனை முடித்தால் இவ்வளவு என்று இன்சென்டிவ். முடிக்காவிட்டால் அது இல்லை. இதற்கு மேல் கடிகாரம் எதற்கு? கூலியே கடிகாரம். அது நம் வயிற்றுக்குள் ஓடுகிறது.

2025 டிசம்பர் கடைசியில் நாட்டின் பல நகரங்களில் நம் ஆட்கள் ஆப்பிலிருந்து லாகவுட் செய்து வேலையை நிறுத்தினார்கள். 2026 ஜனவரியில் ஒன்றிய தொழிலாளர் அமைச்சர் கம்பெனிகளிடம் பேசினார். 10 நிமிடத்தில் டெலிவரி என்ற வாசகம் விளம்பரத்திலிருந்து போனது. நல்லது. நம் முதுகிலிருந்து போனதா? உங்கள் முதுகைத் தொட்டுச் சொல்லுங்கள்.

இந்த ஊரில் நிமிடத்துக்கான சண்டை புதிதல்ல. 1918 ஏப்ரல் 27. பெரம்பூர் மில் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். பி.பி. வாடியா வந்தார், திரு.வி.க. வந்தார். அன்று அவர்கள் சொன்ன குறைகளில் ஒன்று என்ன தெரியுமா? சாப்பாட்டு இடைவேளை போதவில்லை. சோற்றை விழுங்கிவிட்டு ஓடவேண்டியிருக்கிறது. சில நிமிடம் கூடுதலாகக் கொடு! ஐந்து ஆண்டு கழித்து, 1923 மே 1 அன்று, இதே சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடினார். அந்தக் கடற்கரைச் சாலையில்தான் நாம் பர்கர் சூடு ஆறாமல் பறக்கிறோம். அவர்கள் சோற்றுக்கு நிமிடம் கேட்டார்கள். நாம் உயிருக்கு நிமிடம் கேட்கக் கூசுகிறோம்.

போதும், தோழர்களே. கூசியது போதும்.

என்ன செய்யலாம்? ஐ.டி. பிளாக் ஆகிவிடுமே என்கிறீர்களா? வீட்டு வாடகை, பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ், வண்டியின் தவணை. எனக்கும் அதே வாடகை, அதே தவணைதான். லாகவுட் செய்யச் சொல்லி நான் இன்று வரவில்லை. வேலை செய்யச் சொல்லி வந்திருக்கிறேன். விதிப்படி வேலை!

ரயில்வே சங்கங்கள் பழகிய ஆயுதம் இது. புத்தகத்தில் என்ன விதி இருக்கிறதோ அதை ஒரு புள்ளி பிசகாமல் செய்வது. ஒரு விதிகூட மீறாமல் வேலை செய்தாலே முதலாளியின் கணக்கு நொண்டும். ஏனென்றால் நாம் விதியை மீறுவோம் என்று நம்பித்தானே அந்தக் கணக்கே போட்டிருக்கிறார்கள்?

சென்னைப் போக்குவரத்துப் போலீஸ் 2023 நவம்பரில் வேகத்துக்கு எல்லை போட்டது. இரு சக்கர வாகனத்துக்கு 50. குடியிருப்புத் தெருக்களில் 30. இதுதான் விதி. இதைச் செய்யுங்கள். ஐம்பதைத் தாண்டாதீர்கள். தெருவுக்குள் முப்பதைத் தாண்டாதீர்கள். சிகப்பு விழுந்தால் நில்லுங்கள். பின்னால் ஹாரன் அடிப்பான். அடிக்கட்டும். நில்லுங்கள். யூ-டர்ன் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறதா? ஒரு கிலோமீட்டர் போய்த் திரும்புங்கள். ராங் சைடு வேண்டாம். இதற்கு எந்தக் கம்பெனி நம் மேல் நடவடிக்கை எடுக்கும்? எடுத்தால் எழுத்தில் எடுக்கட்டும். சட்டத்தை மதித்ததற்காக ஐ.டி. பிளாக் என்று எழுத்தில் கொடுக்கட்டும்!

கணக்குப் போட்டீர்களா? ஐந்து கிலோமீட்டர் தூரம். அறுபதில் போனால் ஐந்து நிமிடம். ஐம்பதில் போனால் ஆறு. வித்தியாசம் ஒரே ஒரு நிமிடம். அதுவும் சிக்னல் இல்லாத, பள்ளம் இல்லாத, மாடு குறுக்கே வராத கனவுச் சாலையில். நம் சாலையில் அந்த ஒரு நிமிடமும் அடுத்த சிக்னலில் கரைந்துபோகிறது. ஆனால் அறுபதில் போகிறவன் ஒரு விநாடி போனைப் பார்த்தால், வண்டி பதினாறு மீட்டருக்கு மேல் குருடாக ஓடுகிறது. இரண்டு வேன் நீளத்துக்கு மேல். அதற்குள் ஒரு குழந்தை, ஒரு நாய், ஒரு திறந்த கார்க் கதவு எது வேண்டுமானாலும் வரலாம்.

தனியாகச் செய்தால் அகப்படுவோம். ஒருவன் மெதுவாகப் போனால் அவன் சோம்பேறி. பத்துப் பேர் மெதுவாகப் போனால் அது தகராறு. ஓர் ஊரே மெதுவாகப் போனால்? அதுதான் அந்த ஊரின் வேகம்! நேற்று நாம் எட்டு நிமிடத்தில் கொடுத்தோம், அதனால் இன்று எட்டு நிமிடம் கேட்கிறார்கள். நீங்கள் இன்று ஓடும் ஓட்டம் நாளைக்கு என் கழுத்துக்குச் சுருக்கு. என் ஓட்டம் உங்கள் கழுத்துக்கு. இதை அறுக்க வேறு யாரும் வரப்போவதில்லை.

மெதுவாகப் போகத் துணிச்சல் வேண்டும், தோழர்களே. வேகமாக எவன் வேண்டுமானாலும் போவான்.

இப்போது கொஞ்சம் நம் பக்கம் பார்ப்போம். கசக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஹெல்மெட் எங்கே? பெட்ரோல் டேங்க் மேலா? முழங்கையிலா? போலீஸ் தெரிந்தால் தலைக்கு, தெரியாவிட்டால் கைக்கு. அது போலீஸ்காரரின் தலையா, உங்கள் தலையா? 2022-ல் ஹெல்மெட் போடாமல் செத்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். நம் மனைவியர். நம் தங்கைகள். வேலை முடிந்து அதே வண்டியில்தானே அவர்களைக் கூட்டிப்போகிறோம்? வீட்டில் இரண்டாவது ஹெல்மெட் இருக்கிறதா?

ஹெல்மெட் போட்டால் சாகவே மாட்டோம் என்று நான் பொய் சொல்லமாட்டேன். உலகத்தில் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்வது இது: விபத்தில் சாவு 42 சதவீதம் குறைகிறது. தலைக்காயம் 69 சதவீதம் குறைகிறது. இதைவிட மலிவான காப்பீடு எந்தக் கம்பெனியிடம் இருக்கிறது?

ஆனால் எந்த ஹெல்மெட்? பிளாட்பாரத்தில் இருநூறு ரூபாய்க்கு விற்கிறானே, பாதி மண்டையை மூடும் தொப்பி, அதுவா? அது சிக்னலைத் தாண்ட உதவும். தரையில் உதவாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள். ஸ்டிக்கரை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். உள்ளே விரலை விட்டு அழுத்துங்கள். துணிக்கு அடியில் கெட்டியான தெர்மாகோல் இருக்கவேண்டும். வெறும் பஞ்சு மட்டும் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். அந்தத் தெர்மாகோல்தான் நசுங்கி, அடியை வாங்கி, மண்டைக்குப் போகாமல் தடுக்கிறது. ஒரு முறைதான் நசுங்கும். ஒரு பெரிய அடி வாங்கிய ஹெல்மெட் வெளியே பளபளப்பாக இருந்தாலும் அதன் வேலை முடிந்தது. தூக்கிப் போடுங்கள். தம்பிக்குக் கொடுக்காதீர்கள்!

ஸ்ட்ராப்! ஸ்ட்ராப்பை மாட்டுங்கள். நம்மில் பாதிப் பேர் மாட்டுவதில்லை. ஒவ்வொரு டெலிவரிக்கும் கழற்றி மாட்ட நேரமில்லை என்கிறோம். ஸ்ட்ராப் போடாத ஹெல்மெட் நமக்கு முன்னால் தரையில் விழும். பிறகு தலை விழும். “கிளிக்” என்று சத்தம் கேட்கவேண்டும். அந்தச் சத்தம் கேட்காமல் கியர் போடாதீர்கள்.

முன்பிரேக்கைத் தொட்டால் வண்டி தூக்கி எறியும் என்று நமக்கு யாரோ சொல்லிவைத்துவிட்டார்கள். அப்பா சொல்லியிருப்பார். மெக்கானிக் சொல்லியிருப்பார். தோழர்களே, வண்டியை நிறுத்தும் பலத்தில் பெரும்பங்கு முன்சக்கரத்தில்தான் இருக்கிறது. பின்பிரேக்கை மட்டும் மிதித்தால் வண்டி இழுத்துக்கொண்டே போகும், வால் சறுக்கும். இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள். வெடுக்கென்று பிடிக்காதீர்கள், எலுமிச்சம்பழம் பிழிவதுபோல அழுத்திக்கொண்டே போங்கள். வண்டி நேராக இருக்கும்போது பிடியுங்கள். வளைவில் பிடிக்காதீர்கள்.

மழை தொடங்கிய முதல் சில நிமிடம்தான் மோசம். சாலையில் கிடக்கும் எண்ணெயும் தூசியும் அப்போதுதான் வழுக்கும். சர்ஜ் என்று போனில் சிவப்பாகக் காட்டுவதும் அதே நேரத்தில்தான். கூடுதல் காசு எதற்குக் கொடுக்கிறார்கள் என்று இப்போது தெரிகிறதா? மெட்ரோ வேலை நடக்கும் இடத்தில் பள்ளத்தை மூடும் இரும்புத் தகடு, கோடு போட்ட வெள்ளைப் பெயின்ட், எல்லாம் சோப்பு மாதிரி. அந்த நேரத்தில் ஒரு கடை வாசலில் ஒதுங்குங்கள். டயர் மொட்டையா? இன்சென்டிவ் காசில் முதலில் டயரை மாற்றுங்கள். தண்ணீர் லாரிக்கு இடது பக்கம் நுழையாதீர்கள். லாரி டிரைவரின் முகம் அவர் கண்ணாடியில் உங்களுக்குத் தெரியவில்லையா? அப்படியென்றால் நீங்களும் அவருக்குத் தெரியவில்லை.

எல்லாம் நம் தப்பா? அப்படிச் சொல்கிறவன் வாயை நாம் மூடவேண்டும். 2019 செப்டம்பர் 12. பள்ளிக்கரணை. வேலை முடிந்து ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போன 23 வயதுப் பெண். சாலை நடுவில் கட்டியிருந்த ஒரு கல்யாண பேனர் மேலே விழுந்தது. நிலைகுலைந்தார். பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. அந்தப் பெண் என்ன தப்புச் செய்தார்? சாலையைக் கெடுக்கிறவனைக் கேள்வி கேட்கச் சட்டம் இருக்கிறது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 198ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். விதிமுறைப்படி சாலை போடாத, பராமரிக்காத ஒப்பந்தக்காரருக்கும் அதிகாரிக்கும் அதனால் சாவோ ஊனமோ நேர்ந்தால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஹெல்மெட் போடாத நமக்கு 1,000 ரூபாய் என்றும் அதே திருத்தம்தான் சொன்னது. நமக்குச் சிக்னலுக்குச் சிக்னல் ரசீது போடுகிறார்கள். பள்ளத்துக்கு யாராவது ரசீது போட்டு நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

நாம் போடுவோம். பள்ளத்தைப் பார்த்தால் படம் எடுப்போம். வண்டியை நிறுத்தி எடுப்போம். இடம், தேதி, நேரம் போட்டு மாநகராட்சிக்கு அனுப்புவோம். குரூப்பில் போடுவோம். இந்த ஊரின் ஒவ்வொரு குழியும் நமக்கு மனப்பாடம். அந்த அறிவை வைத்துக்கொண்டு வாய் மூடியிருந்தால், நாளைக்கு அதில் விழுகிறவனுக்கு நாமும் பதில் சொல்லவேண்டும்.

கடைசியாக ஒன்று. இதற்காகத்தான் வந்தேன்.

விழுந்தவரைத் தாண்டிப் போகாதீர்கள்.

யார் விழுந்தாலும் நில்லுங்கள். எந்தக் கம்பெனிச் சட்டை என்று பார்க்காதீர்கள். உங்கள் வண்டியை அவருக்குப் பின்னால் குறுக்கே நிறுத்தி இண்டிகேட்டரைப் போடுங்கள். வருகிற வண்டி நம் வண்டியைப் பார்த்துத் திரும்பட்டும். 108-க்குப் போடுங்கள். கைகாலைப் பிடித்து இழுக்காதீர்கள். மூச்சுவிடத் திணறாதவரை ஹெல்மெட்டை உருவாதீர்கள், கழுத்து எலும்பு என்ன நிலையில் இருக்கிறதோ தெரியாது. போலீஸ் கேஸ் ஆகுமே என்று பயப்படாதீர்கள். அதே மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு உதவி செய்தவரைக் காக்கிறது. விரும்பாவிட்டால் உங்கள் பெயரைக்கூடச் சொல்லவேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் முன்பணம் கேட்டால் 48 மணி நேரத் திட்டம் என்று சொல்லுங்கள். இன்னுயிர் காப்போம் திட்டம். 2021 டிசம்பரில் தொடங்கியது. அதில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காசு இல்லை. தனியார் ஆஸ்பத்திரியாக இருந்தாலும் இல்லை. எந்த ஊர்க்காரராக இருந்தாலும் இல்லை. பீகாரிலிருந்து வந்து நம்மோடு ஓடும் தம்பிகளுக்கும் இதைச் சொல்லிவையுங்கள். அவர்களும் நம் தோழர்கள்.

நமக்கென்று 2023 டிசம்பரில் தமிழ்நாடு அரசு நலவாரியம் அமைத்தது. இன்னும் பதியாதவர்கள் பதியுங்கள். பெயரே எழுதாதவனுக்காக யார் வாதாடுவது?

வருகிற ஞாயிறு, இரவு ஏழு முதல் பத்து வரை. ஆர்டர் குவியும் நேரம். எல்லாரும் லாகின் செய்யுங்கள். எல்லாரும் வேலை செய்யுங்கள். எல்லாரும் ஐம்பதுக்குள். தெருவில் முப்பதுக்குள். சிகப்புக்கு நில்லுங்கள். ஓடும் வண்டியில் போனைத் தொடாதீர்கள். ஆர்டர் தவறினால் தவறட்டும். அடுத்த ஞாயிறும். அதற்கடுத்த ஞாயிறும். நம் நூறு பேரில் இது தொடங்கும். ஆயிரமாக ஆக்குவது உங்கள் கையில் இருக்கிறது.

காரை எலும்பு உடைந்த அந்தத் தம்பி திரும்ப வண்டி எடுத்துவிட்டான். ஞாயிறு அன்று வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். அவனுக்குப் பின்னால் நான் வருவேன். எனக்குப் பின்னால் யார் வருகிறீர்கள்?

ஸ்ட்ராப்பைப் போடுங்கள், தோழர்களே. சத்தம் கேட்கட்டும்.